லூப்பேயின் மேசையில் அக்காவுக்கு ஓர் இடம்

அக்கா செத்தபோது எனக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. நான் ஊருக்குத் திரும்பிப் போவேன் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். ஒரு வருஷம் கழித்து, அவளுடைய ஆட்டைத் திவசத்துக்கு என்று விண்ணப்பித்தபோது பல வருஷத்துக்குச் செல்லுபடியாகும் விசாவாகவே தந்துவிட்டார்கள். எத்தனை தரம் வேண்டுமானாலும் வந்து போகலாம். பார்க்க வேண்டிய ஆள்தான் இல்லை.

யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் அடிப்பேன். ஆனால் வீட்டில் உலை கொதிப்பது கல்வெட்டினால்தான். கல்வெட்டு என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் சோழர் காலத்துக்குப் போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் அது செத்தவர் பற்றிய சின்னப் புத்தகம். முகப்பில் படம், உள்ளே தேவாரம், இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். உயிரோடு இருந்தபோது வீட்டில் ஒரு நல்ல வார்த்தை கேட்காதவருக்கும் அதில் வெண்பா உண்டு.

இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை முகப்புப் படம். வீட்டுக்காரர் கொண்டுவந்து தருவது பெரும்பாலும் யாருடையதோ கல்யாண வீட்டில் எடுத்த குரூப் படமாக இருக்கும். அதில் செத்தவரை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் நீல வானமும் இரண்டு மேகமும் வைப்போம். வெட்டும்போது பக்கத்தில் நின்றவரின் கை தோளில் மிஞ்சிவிடாமல் பார்க்க வேண்டும். முப்பது வருஷத்தில் நான் எத்தனையோ உயிருள்ளவர்களை வெட்டி எறிந்திருக்கிறேன். ஒருவரும் வந்து சண்டை பிடித்ததில்லை.

அக்காவின் கல்வெட்டு முப்பத்தோராம் நாளே வந்திருக்க வேண்டியது. வரவில்லை. அக்காவின் மகள் சாரு ஊருக்குப் போன் பண்ணினாள். "மாமா, அம்மாவின்ரை புக் நீங்கள்தான் செய்யவேணும். அப்பா படம் தாறார் இல்லை. நான் கேட்டால் றூமுக்குள்ளை போயிடுறார். நீங்கள் நேரிலை வந்து கேளுங்கோ, ப்ளீஸ்."

அதனால்தான் இந்தப் பயணம். உள்பக்கங்களை எல்லாம் ஊரிலேயே அடித்துக் கட்டி, அட்டை இல்லாமல் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டேன். ரொறன்ரோவில் போய்ப் படத்தை வாங்கி, அட்டையை அங்கேயே அடித்து, சனிக்கிழமை திவசத்தில் கொடுத்துவிடுவது என்று திட்டம்.

செவ்வாய்க்கிழமை வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் முழுக்க ஒரே புத்தகம்.

"இது என்ன?"

"என் அக்காவின் வாழ்க்கை வரலாறு."

"பிரபலமானவரா?"

"இல்லை. இறந்துவிட்டார்."

அவர் ஒரு பிரதியைப் புரட்டினார். வம்சாவளிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னுடைய மிளகாய்த்தூள் பையை மணந்து பார்த்து, இரண்டு தரம் தும்மிவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அக்கா வீடு ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட் என்ற பகுதியில். சாருவின் காரில் அந்தத் தெருவுக்குள் திரும்பினோம். வீட்டுக்கு வீடு முன்புறப் புல்லில் எலும்புக்கூடுகள். ஒன்று மண்ணுக்குள்ளிருந்து எழும்பி வந்துகொண்டிருந்தது. இன்னொன்றைக் கதிரையில் இருத்தி, தலையில் தொப்பி போட்டு, கையில் பியர்ப் போத்தலும் கொடுத்திருந்தார்கள்.

"ஹலோவீன், மாமா. பிளாஸ்டிக்" என்றாள் சாரு.

எங்கள் ஊரில் காணிக்குள் ஓர் எலும்பு தெரிந்தால் பொலிஸ் வரும், நீதவான் வருவார், காணாமல் போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தாய்மார் வருவார்கள். இங்கே அதைக் கடையில் விற்கிறார்கள். எலும்புக்கூட்டைப் பார்த்துச் சிரிக்க முடிவது பெரிய பாக்கியம் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமையாகவும் இருந்தது.

அத்தான் வாசலில் நின்றார். ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். எழுபத்து நாலு வயது. என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. "பிளேனிலை சாப்பாடு தந்தவங்களோ?" என்றார்.

ஹோலில் அந்தப் படம் மாட்டியிருந்தது. அத்தானின் மணிவிழாவில் எடுத்தது. இருவர் கழுத்திலும் பெரிய மாலை. அத்தான் கமராவைப் பார்த்து விறைத்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய கண்ணாடி மாலையில் மாட்டுப்பட்டுக் கோணலாகக் கிடக்கிறது. அக்கா கமராவைப் பார்க்கவேயில்லை. அத்தானின் கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். அத்தானின் ஒரு கை அவள் தோளில்.

அக்காவுக்கு வேறு படம் இல்லை. சாரு போனில் காட்டினாள். நூறு படத்துக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு கை முகத்தை மறைத்துக்கொண்டு "வேண்டாம்" என்கிறது. கடவுச்சீட்டுப் படம் ஒன்று உண்டு. அதில் சிரிக்கக்கூடாது என்பது சட்டமாம். அந்தப் படத்தைத்தான் செத்த வீட்டில் பெரிதாக்கி வைத்தார்கள். பார்க்க வந்த சனம் சவத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்து, "உது மங்கை இல்லையே" என்று கதைத்ததாம். அத்தான் அன்றைக்கே அதை அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

சோறு போட்டுத் தந்தபோது கேட்டேன். "அத்தான், அந்த மணிவிழாப் படத்தை ஒருக்கால் கழட்டித் தந்தியளெண்டால்..."

"முதல் சாப்பிடும். பிறகு கதைப்பம்."

அத்தானை நாற்பது வருஷமாகத் தெரியும். அவர் "பிறகு" என்றால் இல்லை என்று அர்த்தம்.

புதன்கிழமை காலையில் கீழேயிருந்து சாம்பிராணி மணம் வந்தது. சனிக்கிழமைக்கு வரவேண்டிய ஐயர் புதன்கிழமையே வந்துவிட்டாரோ என்று நினைப்பதற்குள் வீடு முழுக்கப் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. சாரு துவாயோடு ஓடினாள். நானும் பின்னால் இறங்கினேன்.

பேஸ்மன்ட்டில் குடியிருப்பவள் லூப்பே. மெக்சிக்கோக்காரி, ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. ஆறு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். அவளும் துவாயை விசுக்கிக்கொண்டு, "மன்னிக்கவேணும், ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்" என்றாள். இந்த நாட்டில் சாம்பிராணி போட்டால் ஆவிக்கு முதல் அலாரம் வருகிறது.

புகை கலைந்த பிறகு மேசை தெரிந்தது. சுவரோடு படிபடியாக அடுக்கி, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தாள். நிறம் நிறமாக வெட்டுவேலை செய்த மெல்லிய கடதாசிகள் குறுக்கே தொங்கின. மெழுகுதிரிகள், தண்ணீர், ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு, எலும்பு போட்ட மாதிரி மேலே குறுக்குவாட்டில் மா வைத்துச் சுட்ட உருண்டைப் பாண். சீனியில் செய்த மண்டையோடுகள் பல்லைக் காட்டின. நடுவில் இரண்டு படங்கள்: ஒன்று அவளுடைய தாய், மற்றது புருஷன்.

அவர்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருதரம் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம்: நவம்பர் முதலாம் திகதி குழந்தைகள். இரண்டாம் திகதி பெரியவர்கள். வழி தெரிவதற்குப் பூ. நெடுந்தூரம் நடந்து வருவதால் குடிக்கத் தண்ணீர். பிறகு அவரவருக்குப் பிடித்த சாப்பாடு, குடிப்பவராக இருந்தால் அதுவும்.

எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. இது எங்கள் எட்டுச் செலவுதான்! செத்து எட்டாம் நாள் மீன், இறைச்சி, சாராயம், சுருட்டு என்று செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போமே, அதுதான். ஆனால் ஒரு வித்தியாசம். நாங்கள் ஒரு நாள் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்துவிட்டு, இனித் திரும்பி வராதே, மேலே போ என்று மிச்ச நாளெல்லாம் கிரியை செய்கிறோம். இவர்கள் வருஷா வருஷம் வா என்று பூப் போடுகிறார்கள். எந்த இனம் செத்தவர்களோடு கூடுதலாக மனஸ்தாபப்பட்டிருக்கிறது என்று நீங்களே தீர்மானியுங்கள்.

"உன் புருஷனுடைய செத்த வீட்டுக்குப் போனாயா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டதால் கொஞ்சம் மரியாதை குறைவாகவே வந்திருக்கும்.

"இல்லை. அப்போது பத்திரங்கள் சரியாக இல்லை. போனால் திரும்பி வர முடியாது." அவள் உப்புக் கிண்ணத்தை ஓர் அங்குலம் நகர்த்தினாள். "அதனால் அவன் வருகிறான்."

நான் திரும்பிப் போகமாட்டேன் என்று என்னை விடவில்லை. திரும்பி வர விடமாட்டார்கள் என்று அவள் போகவில்லை.

புருஷனின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. "அது மங்கைக்கு" என்றாள். அக்காவும் இவளும் நல்ல சிநேகிதம் என்று சாரு சொன்னாள். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை கொஞ்ச ஆங்கிலமும் மிச்சம் மிளகாயும்.

"போன மாசம் படம் கேட்டேன். உங்கள் அத்தான் பெரிய படத்தைச் சட்டத்தோடு கொண்டுவந்து தந்தார். நான் வேண்டாம் என்றுவிட்டேன்."

"ஏன்?"

"அதில் அவரும் இருக்கிறாரே. உயிரோடு இருப்பவர் மேசையில் இருக்கக்கூடாது. அது அவரையும் கூப்பிடுவது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவர் கோபித்துக்கொண்டு படத்தை எடுத்துப் போய்விட்டார். என்னோடு இப்போது கதைப்பதில்லை."

அப்போதுதான் எனக்குச் சங்கதி முழுக்கப் புரிந்தது. நான் அட்டைக்குக் கேட்டாலும் இவள் மேசைக்குக் கேட்டாலும், அத்தானுக்கு இரண்டும் ஒன்றுதான். அக்காவுக்கு ஓர் இடம் வேண்டுமென்றால் அவர் வெளியே போக வேண்டும்.

புரிந்திருந்தும் வியாழக்கிழமை நான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். அதற்கு முதல் பூ வாங்கப் போன கதையைச் சொல்லவேண்டும்.

லூப்பேக்கு அன்று லீவு. செவ்வந்திப் பூ, தமிழ்நாட்டில் சொல்லும் செண்டுமல்லி, வாங்கத் தமிழ்க் கடைப் பக்கம் போகிறேன், வருகிறாயா என்றாள். பஸ்ஸில் போனோம். இறங்க வேண்டிய இடம் வந்ததும் நான் வழக்கம்போல "இறக்கம்!" என்று சத்தம் போட்டேன். பஸ் நிற்கவில்லை. சாரதிக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்கு மறந்துவிட்டது. பின் இருக்கையிலிருந்து ஒரு குரல், "அண்ணை, உந்தக் கயித்தை இழுங்கோ" என்றது. இழுத்தேன். அடுத்த தரிப்பில் இறங்கி, மூக்கு விறைக்க விறைக்கத் திரும்பி நடந்தோம்.

பூக்கடை ஒரு தமிழ்ப் பிளாசாவில். மெக்சிக்கோவில் செத்தவர் வருவதற்கு ஸ்காபரோவில் தமிழர் கடையில் பூ வாங்க வேண்டியிருக்கிறது. கடைக்கார அம்மா லூப்பேயின் நிறத்தையும் பின்னலையும் பார்த்துத் தமிழிலேயே தொடங்கினார். "மாலையோ, உதிரியோ? எவ்வளவு வேணும்?"

லூப்பே சிரித்தாள்.

அம்மா என்னைப் பார்த்தார். "உங்கடை மிஸிஸ் தமிழ் கதைக்க மாட்டாவோ?"

"ஐயோ, இவ மெக்சிக்கோ."

"அங்கையும் எங்கடை ஆக்கள் இருக்கினமோ?"

லூப்பே ஆங்கிலத்தில், "என் செத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள்" என்றாள். கடைக்கார அம்மா என்னிடம் விளக்கம் கேட்டார். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை. பையில் மேலும் இரண்டு கை பூவை அள்ளிப் போட்டு, "பாவம், தூரத்திலை இருந்தெல்லோ வருகினம்" என்றார்.

திரும்பி வரும்போது லூப்பே பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இது மெக்சிக்கோவின் பூ என்றாள். நான் இல்லை, எங்கள் பூ, கோயிலில் எல்லாம் இதுதான் என்றேன். அவள் விடவில்லை. உங்கள் மிளகாயும் எங்களிடமிருந்து வந்ததுதான் என்றாள். வீட்டுக்கு வந்து சாருவைக் கொண்டு போனில் தேடிப் பார்த்தால் இரண்டும் உண்மை. அறுபது வயது வரைக்கும் இரவல் சம்பலைத் தின்றுகொண்டு, இரவல் மாலையைப் போட்டுக்கொண்டு எங்கள் பண்பாடு என்று மேடையில் முழங்கியிருக்கிறேன். (கடைக்கார அம்மா கேட்ட அந்த ‘மிஸிஸ்’ கேள்வியை என் மனைவியிடம் யாரும் சொல்லவேண்டாம்.)

அன்று பின்னேரம் அத்தான் நித்திரை. ஹோலில் யாரும் இல்லை. நான் போனை எடுத்து, சுவரில் இருந்த படத்தை அப்படியே ஒரு படம் பிடித்தேன். பிளாசாவில் உள்ள அச்சுக்கடைக்கு அனுப்பி, அக்காவை மட்டும் எடுத்து, வழமையான வானத்தை வைத்து அட்டை அடித்துத் தரச் சொன்னேன். முடிந்து கையில் கொடுத்தால் அத்தான் மனம் மாறிவிடுவார் என்று நம்பினேன். முப்பது வருஷத் தொழில் அனுபவம் அப்படிச் சொன்னது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அட்டைகள் வந்தன. ஹலோவீன் நாள். அத்தான் ஒரு கடகம் நிறையச் சொக்லேற்றோடு வாசலுக்குக் கிட்டக் கதிரை போட்டு இருந்தார். அக்கா இருந்தபோது அது அவளுடைய வேலையாம். நான் அட்டைக் கட்டை அவர் மடியில் வைத்தேன்.

அத்தான் மேல் அட்டையை எடுத்து மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். நீல வானம். வலதும் இடதும் ஒவ்வொரு மேகம். நடுவில் மாலையோடு அக்கா, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. அச்சு சுத்தம், நிறம் சுத்தம். நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"உது என்ரை கையெல்லோ" என்றார் அத்தான்.

அக்காவின் தோளில் நாலு விரல். மோதிரமும் தெரிந்தது. எந்தப் பிழையை விடக்கூடாது என்று நான் என் அச்சகத்துப் பெடியங்களுக்கு நாள் முழுக்கச் சொல்வேனோ, அதே பிழை. அச்சுக்கடை போனுக்கு அனுப்பிய மாதிரியை நான் பெருப்பித்துப் பார்க்கவில்லை.

"அதை அழிக்கலாம் அத்தான், ஒரு மணித்தியால வேலை..."

"என்னை அழிச்சுப்போட்டீர். கையை ஏன் விட்டனீர்?"

மணி அடித்தது. கதவைத் திறந்தால் இரண்டு எலும்புக்கூடுகளும் ஒரு சூனியக்காரியும், இடுப்பளவு உயரத்தில். அத்தான் அவர்களுக்குச் சொக்லேற் கொடுத்து, நல்லாயிருக்கு என்று ஆங்கிலத்தில் பாராட்டி, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நீர் உம்மடை அக்காவைப் பாரும். எங்கை பாக்கிறாள்?"

பார்த்தேன்.

"மேகத்தைப் பாத்துச் சிரிக்கிறாளோ? அவளுக்கென்ன விசரோ? அவள் என்னைப் பாத்தெல்லோ சிரிச்சவள். என்ரை கண்ணாடியைப் பாத்து..."

மறுபடி மணி. ஒரு பூசணிக்காய். தாயின் கையில் இருந்தது, இன்னும் நடக்கத் தெரியாது. அத்தான் அதற்கு இரண்டு கொடுத்தார். கதவைச் சாத்தி, கடகத்தைக் கீழே வைத்தார். "ஒரு வருஷமா எல்லாரும் வந்து வெட்டுறன், வெட்டுறன் எண்டு நிக்கிறியள். கீழை இருக்கிறவ, நீங்கள் உயிரோடை இருக்கிறியள், மேசையிலை வைக்கேலாது எண்டுறா. நீர் அவளை மாத்திரம் மேலை அனுப்புறீர். நான் எங்கை நிக்கிறது?"

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. அக்கா செத்த செய்தி வந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அப்போது விசா அலுவலில் ஓடித் திரிந்தேன். பேஸ்மன்ட் படியில் இருந்து அழுதேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை திவசம். திதி உண்மையில் வியாழக்கிழமை. ஆனால் சனத்துக்கும் மண்டபத்துக்கும் ஐயருக்கும் சனிக்கிழமைதான் தோது. ரொறன்ரோவில் செத்தவர்களும் வார இறுதிவரை காத்திருக்கத்தான் வேண்டும். ஐயர் வந்து இருந்ததும், "படம் எங்கை?" என்றார். "இல்லை" என்றார் அத்தான். ஐயர் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு குத்துவிளக்கைப் படம் இருக்கவேண்டிய இடத்தில் வைத்து மந்திரத்தைத் தொடங்கினார்.

கல்வெட்டை அட்டை இல்லாமலே கொடுத்தோம். மார்க்கம் நகரிலிருந்து வந்த ஒருவர் புரட்டிப் பார்த்து, "முதல் பக்கம் கழண்டு போச்சுது போலை" என்றார். அச்சடித்தவன் நான்தான் என்று சொல்லவில்லை. சாப்பாடு பதினொரு கறி, எல்லாம் மரக்கறி. நண்டுக் குழம்பு என்றால் உயிரை விடும் அக்காவுக்குப் பூசணிக்காயும் கத்தரிக்காயும். பந்தியில் எனக்குப் பக்கத்தில் ஒரு அன்ரி, "மங்கை நல்ல பக்தி. வெள்ளிக்கிழமையிலை மச்ச மாமிசம் மணக்கவும் விடமாட்டா" என்று கண்ணைத் துடைத்தார்.

அத்தான் வெள்ளி பின்னேரத்திலிருந்து என்னோடு கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு லூப்பே மேலே வந்து எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டாள். அத்தான் வரமாட்டார் என்று நினைத்தேன். அவர் அறைக்குள் போய், ஒரு மண்ணிறக் கடித உறையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார்.

கீழே வாசலிலிருந்து மேசை வரைக்கும் செவ்வந்தி இதழ்களால் ஒரு பாதை. மிதிக்காமல் ஓரமாக நடந்தோம். மேசை நிறையச் சாப்பாடு. புருஷனுக்குக் கறுத்த குழம்பும் ஒரு சின்னக் கிளாசில் சாராயமும். தாய்க்குச் சொக்லேற் பானம். காலி இடத்துக்கு முன்னால் ஒரு கோப்பையில் சோள மட்டையில் பொதிந்து அவித்த ஏதோ. தொட்டுக்கொள்ளப் பக்கத்தில் எங்கள் தேங்காய்ச் சம்பல்.

"இது அம்மாவுக்கோ?" என்றாள் சாரு.

"தமாலே. மங்கைக்கு அது சம்பலோடுதான் வேண்டும்" என்றாள் லூப்பே. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் வேலையால் வந்ததும் இறங்கி வருவாள். இரண்டு சாப்பிடுவாள். சில நாள் மூன்று."

அத்தானுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். "வெள்ளிக்கிழமையோ?" என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "உள்ளே என்ன?"

"கோழி."

அத்தான் அந்தக் கோப்பையையே பார்த்தார். "முப்பத்தெட்டு வருஷம்" என்றார். "முப்பத்தெட்டு வருஷம் எனக்கு வெள்ளிக்கிழமை எண்டால் பருப்பும் கீரையும்!" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சாரு சிரித்தாள். லூப்பேக்கு விஷயம் பாதிதான் விளங்கியது, ஆனாலும் சிரித்தாள். அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அதுதான் என்று சாரு பிறகு சொன்னாள்.

சிரித்து முடிந்ததும் அத்தான் கதிரையில் இருந்து உறையைத் திறந்தார். மணிவிழாப் படம். சட்டத்திலிருந்து கழற்றியிருந்தார். அதை முழங்காலில் வைத்து, இரண்டு பேருக்கும் நடுவில் விரலை வைத்து அளந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. "அத்தான், மடிக்காதேங்கோ. உந்தப் பேப்பர் வெடிக்கும். பிறகு ஒருநாளும் சரிவராது." தொழில் புத்தி.

அவர் மடித்தார். பெருவிரல் நகத்தால் மேலிருந்து கீழே அழுத்தி இழுத்தார். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு வெடித்தது. அவருடைய பாதி பின்னுக்குப் போய்விட்டது. முன்னால் அக்கா மட்டும், அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

லூப்பேயிடம் நீட்டினார். அவள் வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கோணல் கண்ணாடியோடு அத்தான் விறைத்துக்கொண்டு நின்றார். அவள் முகம் மாறியது. தலையை மெல்ல ஆட்டினாள், முடியாது என்பதுபோல.

"சாரு, அவவுக்குச் சொல்லு" என்றார் அத்தான். "நான் மேசையிலை இல்லை. சுவர்ப்பக்கம் பாத்துக்கொண்டு பின்னாலை நிக்கிறன். வெட்டினால் பிறகு ஒட்டேலாது பிள்ளை. மடிச்சால் விரிக்கலாம். என்ரை நாள் வரேக்கை எனக்கெண்டு வேறை படம் தேடித் திரிய வேண்டாம். உதை விரிச்சு விட்டால் காணும்."

சாரு லூப்பேயின் பக்கம் திரும்பினாள். "அப்பா சொல்கிறார்..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கு அத்தனை சொல்லும் ஆங்கிலத்தில் தெரியும். வாயைத் திறந்தேன், எனக்கும் வரவில்லை.

லூப்பே சாருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியாக அத்தானைப் பார்த்தாள். படத்தைக் காலி இடத்தில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு அக்கா சிரித்துக்கொண்டிருந்த பக்கத்தில் எரிந்த மெழுகுதிரியை இரண்டு கையாலும் தூக்கி, மற்றப் பாதி விரியக்கூடிய அளவு இடம் விட்டுத் தள்ளி வைத்தாள்.